பாதி போதும்க்கா

எங்கள் ஆவாரம்பட்டில் இருபத்து நான்கு பெண்களின் கைகள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வியட்நாமுக்குப் போயின. கை என்றால் எலும்பும் சதையுமான கை இல்லை, அது அவரவர் தோளில் அப்படியேதான் தொங்கியது, வளையலும் மோதிரமும்கூட அப்படியே இருந்தன. போனது அந்தக் கைகள் அதுநாள்வரை கற்றுவைத்திருந்ததெல்லாம். ஊசியில் நூல் கோக்கிற கை, சோறு பிசைகிற கை, பின்னல் போடுகிற கை, கொசுவம் மடிக்கிற கை, ஊக்கு மாட்டுகிற கை, கையெழுத்துப் போடுகிற கை என்று எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போய்விட்டன, அன்று பிறந்த குழந்தைக்கு என்ன கை இருக்குமோ அதுதான் மிச்சம் இருந்தது. நேரம் இவ்வளவு சரியாக எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கம்பெனியின் மூன்றாம் ரூட் பஸ் ஓட்டினவன், பதினாறு வருஷம் ஷிப்ட் விடுகிற நேரத்தையே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவன், அன்றைக்கும் கேட் பக்கத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி என்றால் ஷூ கம்பெனி. செருப்புக் கம்பெனி என்று யாராவது சொன்னால் எங்கள் பெண்களுக்குக் கோபம் வரும். பாலாற்றங்கரையோரம் ஆயிரத்து நூறு பேர் வேலை செய்த கம்பெனி அது, அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அவர்கள் தைத்த ஷூ எந்த நாட்டில் எந்தக் காலில் நடக்கிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால் வாயால் எதையும் சொல்லித்தர மாட்டார்கள், மிஷின் சத்தத்தில் சொன்னாலும் காதில் விழாது. வேலை தெரிந்தவள் மிஷினில் உட்காருவாள், புதியவள் அவளுக்குப் பின்னால் நின்று குனிந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உட்கார்ந்திருப்பவளின் கைகள்மேல் வைத்துக்கொள்வாள். தோல் திரும்பும்போது நான்கு கையும் சேர்ந்து திரும்பும், ஊசி நிற்கும்போது நான்கு கையும் நிற்கும், இப்படியே பதினோரு நாள் ஓடும். பதினோராம் நாள் ஷிப்ட் முடிகிறபோது உட்கார்ந்திருப்பவள் "எடுத்துக்கோ" என்பாள். நிற்பவள் "பாதி போதும்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

கம்பெனி ஆரம்பித்த வருஷம் யாரோ ஒரு பயந்தாங்கொள்ளிப் பெண், "முழுசா எடுத்துக்கினா நாளைக்கு நீ இன்னாக்கா பண்ணுவ, பாதி போதும்க்கா" என்று சொல்லி லைனே சிரித்ததாம், அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் வியட்நாமிலிருந்து இருபத்து நான்கு பெண்கள் வேலை பழக வந்தார்கள். அங்கே ஒரு கிளை திறக்கப்போகிறோம், பெரிய கம்பெனி ஆகிவிட்டால் உங்களுக்கெல்லாம் பிரமோஷன்தான் என்று மேனேஜர் மைக்கில் பேசினார். இருக்கிறதிலேயே நன்றாகத் தைக்கிற இருபத்து நான்கு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியரில் பெயர் வெட்டிக் கொடுத்து, கற்றுக்கொடுங்கள் என்றார்கள். அவர்களில் ஒருத்தியான ரேணுகாவுக்கு லியென் என்று ஒரு பெண் வாய்த்தாள், இருபத்திரண்டு வயசு, சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அவள் அக்கா, மெதுவா, நூலு, சாப்டியா, போதும் என்று பத்துப் பதினைந்து வார்த்தைகள் பழகிக்கொண்டாள், ரேணுகாவின் தட்டிலிருந்தே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாள், மூன்று மாதத்தில் ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் பதினோரு நாள் வீதம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கடைசி வியாழக்கிழமை சாயங்காலம் இருபத்து நான்கு மிஷின்களிலும் எங்கள் பெண்கள் "எடுத்துக்கோ" என்று சொன்னார்கள். வந்த பெண்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவர்கள் மரியாதையாகத் தலைகுனிந்து, "நன்றி" என்று சொல்லிவிட்டுக் கைகளை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மூன்று பத்துக்கு அவர்களுடைய விமானம் சென்னையில் கிளம்பியது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும், அதில் என் பங்கும் இருக்கிறது. ரேணுகாவுக்கு ஒரே தம்பி, ஏகாம்பரம், பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஹைவேஸ் ஓரம் பஞ்சர் கடையில் வேலை. அம்மாவும் அப்பாவும் இரண்டு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சின்ன வயசிலேயே இருவரும் தங்களுக்கென்று கையாலேயே ஒரு பேச்சு உண்டாக்கி வைத்திருந்தார்கள், அது ஊரில் வேறு யாருக்கும் புரியாது. மூக்கின் பக்கம் தொட்டால் அம்மா. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் ஆமாம். ஒற்றைக் கையை முட்டியாக மூடிக் காட்டினால் கோபம். இரண்டு முட்டிகளையும் ஒட்டவைத்துப் பிறகு ஒன்றாகத் திறந்தால் வருத்தம் இல்லை என்று அர்த்தம், அது ஒரு தும்பியைப் பிடித்துப் பொத்தி வைத்திருந்து, விடச் சொல்லி அம்மா திட்ட, அழுதுகொண்டே திறந்துவிட்ட நாளில் உண்டானது. அம்மா அடிக்க வரும்போது தலையை ஆட்டிப் பொய் சொல்வார்கள், தனியாக இருக்கும்போது கையால் நிஜத்தைச் சொல்லிக்கொள்வார்கள். அதனால் தலையாட்டுவது ஊருக்கு, கையால் சொல்வதுதான் தங்களுக்குள் நிஜம் என்று அவர்களிடையே ஆகிப்போயிருந்தது.

முந்தின நாள் பஞ்சர் கடையில் ஒரு லாரிக்காரன் விளையாட்டாக, தன் கழுத்தில் தாலி மாதிரி விரலால் கோடு போட்டு, அக்காவுக்கு இது இல்லை என்று கையை விரித்து, ஏகாம்பரத்தைச் சுட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறான். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரேணுகாவை நிறுத்தி ஏகாம்பரம் கையால் கேட்டான்: என்னால்தான் நீ கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லையா?

அவளிடம் பதில் இருந்தது. ஆமாம், உன்னால்தான், ஆனால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு ஓட முடியாது, இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். நான் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அடித்தால் போதாதா, மூன்று தடவை அடித்தேன். சாயங்காலம் சொல்கிறேன் என்று கை காட்டிவிட்டு ஓடி வந்து பஸ் ஏறினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கை இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் ரேணுகாவைப் பெண் கேட்டு மூன்று பேர் ஆள் அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன், இதைச் சொல்வதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை, என் மனைவிக்கே தெரியும். மூன்று பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான், தம்பியை எங்கேயாவது ஆசிரமத்தில் சேர்த்துவிடலாமா என்று. என் விஷயத்தில் அதைக் கேட்டது என் சித்தி, கேட்கச் சொன்னது நான். ரேணுகா சித்திக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகும் தினமும் என் பஸ்ஸில்தான் வந்தாள், "இன்னா டிரைவரே, பிரேக்க இப்டி மிதிக்கிற" என்று கிண்டல் செய்தாள், நான் வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

கை போனதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். மழை பெய்தால் எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படித்தான். முதல் நாள் அழுதார்கள், இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரியாஸ்பத்திரி டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்து, விரலை மடக்கிப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று சீட்டில் எழுதி சத்து மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் சோறாக்க வேண்டியிருந்தது. தலை சீவத் தெரியாத புருஷன்கள் பின்னல் போடக் கற்றுக்கொண்டார்கள், கோணல் வகிடோடு எங்கள் தெருப் பெண்கள் நடந்தார்கள், சேலை கட்டிவிடத் தெரிந்த ஆம்பளைக்கு ஊரில் தனி மரியாதை வந்தது. டீக்கடையில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள். பாங்கில் கையெழுத்துக்குப் பதில் ரேகை வாங்கிக்கொண்டார்கள், ரேகை மட்டும் இம்மி பிசகாமல் அப்படியே இருந்தது, ரேஷன் கடை மிஷினும் அதை ஒப்புக்கொண்டு அரிசி போட்டது. ரேகை இருக்கிறவரைக்கும் கை இருப்பதாகத்தான் கணக்கு என்று லேபர் ஆபீசில் ஒருவர் விளக்கினார், அவர் நல்ல மனுஷன், எங்களுக்காக எந்தப் பத்தியில் எழுதுவது என்று அரைநாள் தேடிப் பார்த்தார்.

காரணம் தேட நாங்கள் அதிகம் மெனக்கெடவில்லை. அதை ஷமீம்தான் சொன்னாள். அவளும் அந்த இருபத்து நான்கு பேரில் ஒருத்தி, அவள் புருஷன் பஷீர் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஸ்ட்ராவில் டீ உறிஞ்சிக்கொண்டே, "அதுங்க பாதி போதும்னு சொல்லல இல்ல, அதான் முழுசா பூடுச்சி" என்றாள். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மூன்று மாதம் கழித்து மிஷின்கள் போயின. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கன்டெய்னரில் ஏற்றி, ஆயிரத்து நூறு பேருக்கும் இனி வேலை இல்லை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். பிரமோஷனைப் பற்றிப் பேச மேனேஜரே இல்லை, அவர் மிஷின்களோடு போயிருந்தார். கை இருந்தவர்கள் கல் உடைக்கப் போனார்கள், பேக்கரியில் நின்றார்கள், இரண்டு மணி நேரம் பஸ் ஏறி வேறு ஊர் கம்பெனிக்குப் போனார்கள். நான் ஒரு ஷேர் ஆட்டோ எடுத்தேன். கம்பெனி கேட்டில் கட்டியிருந்த மணி மட்டும் அங்கேயே தொங்கியது, அதை எடுத்துப்போக மறந்துவிட்டார்களா, வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை.

ரேணுகாவுக்கு மற்றவர்களைப் போலச் சமாளிக்கிற விஷயமாக அது இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது ஊட்டிவிடுவார்கள், சேலையை விட்டு நைட்டிக்கு மாறிக்கொண்டாள், அதெல்லாம் ஓடியது. ஏகாம்பரத்துக்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேட்கிறது அவளுக்குக் கண்ணால் புரிந்தது, பதில் சொல்லக் கையைத் தூக்கினால் அது காற்றில் தொளதொளவென்று ஆடியது. தலையை ஆட்டினாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சைகையை வாயால் சொல்லிக்கொடுத்துப் பஷீரைச் செய்யச் சொன்னாள், அடுத்தவன் கையில் வருவதை ஏகாம்பரம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, பாதியிலேயே எழுந்து போய்விட்டான். நானும் ஒரு நாள் பஞ்சர் கடைக்குப் போய் எனக்குத் தெரிந்தவரை கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். அவன் பொறுமையாகப் பார்த்துவிட்டு என் ஆட்டோவின் பின் டயரைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவளுக்குக் கை போனது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் இருபத்து நான்கு பேருக்குப் போனதை அவனும் பார்த்தவன்தான், காலையில் அவளுக்குப் பல் தேய்த்துவிட்டவனே அவன்தான். ஆனால் அவன் கணக்கு வேறு. இல்லை என்று சொல்வதாக இருந்தால் அந்தக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே, அதற்கு எதற்குச் சாயங்காலம் வரைக்கும்? எட்டு மாதம் இதையே மனசுக்குள் போட்டு உருட்டினான். கடைசியில் கையால் பேசுவதையே நிறுத்திவிட்டான், பஞ்சர் கடையிலேயே படுத்துக்கொண்டான், ஓசூர் பக்கம் ஒரு டயர் கடையில் ஆள் வேண்டும் என்று ஒரு லாரிக்காரர் கூப்பிட, வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். வியாழக்கிழமை சாயங்காலம் லாரி வருவதாகப் பேச்சு.

"போவட்டும். வேல செஞ்சி பொழைக்கட்டும்," என்று ரேணுகா என்னிடம் சொன்னாள். "ஆனா அக்கா வாழ்க்கைய நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கினு போறான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல டிரைவரே."

அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஷமீமின் போன் அடித்தது. அவள் மூக்கால் அழுத்தி எடுத்தாள். வீடியோவில் லியென், ஊருக்குப் போனபிறகு முதல் தடவையாக. அங்கே அது சாப்பாட்டு நேரம், பின்னால் கேன்டீன் தெரிந்தது, நூறு பெண்கள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பஷீர் ஓடிப் போய் ரேணுகாவைக் கூட்டிவந்தான், தெருவும் பின்னாலேயே வந்தது, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று பஷீர் படத்தை டிவியில் போட்டான்.

லியென் தனக்குத் தெரிந்த தமிழிலும், மீதியை போனிலேயே மொழிபெயர்த்து வாசிக்கிற அந்தப் பெண் குரலிலுமாகச் சொன்னாள். அவள் கை அவள் சொன்னபடி கேட்பதில்லையாம். தையல் நன்றாக ஓடுகிறது, லைனிலேயே அவள்தான் முதல். ஆனால் விடிந்ததும் கை வாசலுக்குப் போய்ப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறது, மாமியார் பேய் பிடித்ததாக நினைத்துச் சாம்பிராணி போடுகிறாள். குச்சியால் சாப்பிட வருவதில்லை, பிசைந்து சாப்பிடுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. "அக்கா, தினம் தினம், சாப்பாட்டு டைம்ல, இது," என்று சொல்லிவிட்டுக் கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

கைகள் தானாகவே பேசின. வலது உள்ளங்கை நெஞ்சில் படிந்தது. விரல் எதிரே இல்லாத ஒருவனைச் சுட்டியது. பிறகு இரண்டு முட்டிகளும் ஒட்டிக்கொண்டு, ஒன்றாகத் திறந்தன. மறுபடியும் நெஞ்சு, மறுபடியும் விரல், மறுபடியும் முட்டிகள். எட்டு மாதமாக அந்தக் கைகள் யாரும் இல்லாத இடத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. ரேணுகா டிவியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத அப்டியே ரெக்கார்டு பண்ணி ஏகாகிட்ட காட்டிடலாம்," என்றான் பஷீர்.

"வேணாம்ணா," என்றாள் ரேணுகா. "அவன் என் மூஞ்சப் பாத்துக் கேட்டான். பதிலு அந்தப் பொண்ணு மூஞ்சோட வந்தா அவனுக்கு அது பதிலா?"

இங்கே இருபத்து நான்கு பேருக்குக் கை போன கதையை ஷமீம் அப்போதுதான் லியெனிடம் சொன்னாள். போன் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் லியென் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், எனக்குத் தெரியாது அக்கா, தெரியாது அக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னாள். அவர்களுடைய கம்பெனியிலும் மைக்கில் பேசிவிட்டார்களாம், இன்னொரு நாட்டில் கிளை திறக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் அங்கேயிருந்து பெண்கள் வருகிறார்கள், கற்றுக்கொடுக்க நன்றாகத் தைக்கிற பெண்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். டிபன் கேரியருக்குப் பதில் அங்கே ஆளுக்கொரு குடையாம். கற்றுக்கொடுத்து முடித்தால்தான் கடைசிப் பணம் கைக்கு வரும். அந்த நாட்டின் பெயரைச் சொன்னாள், எங்களில் யாருக்கும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

"கத்துக்குடு," என்றாள் ரேணுகா. "ஆனா கடசி நாளு நீ எடுத்துக்கோன்னு சொல்றப்ப, அந்தப் பொண்ணு பாதி போதும்க்கான்னு சொல்லணும். சொல்லாம கைய எடுக்க விடாத. உன்கூட கீற எல்லாருக்கும் சொல்லு. அவங்க பாஷ வேணாம், நம்ம வார்த்தையிலயே சொல்லச் சொல்லு, அப்பதான் மறக்காது."

லியென் நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். பாதி போதும்க்கா. பாதி போதும்க்கா. பக்கத்து மேஜைப் பெண்களும் திரும்பிப் பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்து சொன்னார்கள், எங்கள் தெரு அதைக் கேட்டு முதல்முறையாகச் சிரித்தது. அவர்களுடைய சாப்பாட்டு நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. லியென் போனைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள், முகம் மேலே போய்க் கைகள் மட்டும் டிவி நிறையத் தெரிந்தன, உள்ளங்கை மேஜைமேல், புறங்கை எங்கள் பக்கம்.

"அக்கா, எடுத்துக்கோ," என்றாள்.

பஷீர் ரேணுகாவின் கைகளைத் தூக்கி டிவிக் கண்ணாடிமேல், அந்தக் கைகள் தெரிகிற இடத்தில் வைத்தான். பதினோரு நாள் வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள், சொந்தக் கைக்கு எதற்குப் பதினோரு நாள் என்று ஷமீம் அடக்கினாள். "முழுசா எடுத்துக்கோடி. ஒண்ணும் சொல்லாத, வாய மூடிக்கினு எடு. உன்னுதுதானே அது," என்றாள். தெருவே அதைத்தான் சொன்னது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன், நானும் அதைத்தான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், பாதியை வாங்கிக்கொண்டு அந்தப் பதிலில் எந்தப் பாதியைச் சொல்வாய் என்று கேட்டேன். ஆமாம், உன்னால்தான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவன் லாரியில் ஏற மாட்டான், லாரிக்கு முன்னால் போய் விழுவான் என்றுகூடச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ரேணுகா கண்ணாடிமேல் நெற்றியையும் சாய்த்து வைத்தாள். "எம்மாம் சின்னப் பொண்ணு அது. அடுத்த வாரம் வெறுங்கையோட போய் எந்த மிஷின்ல உக்காரும்?" என்றாள். பிறகு வழக்கப்படி, தன்னைவிடப் பதினாறு வயசு சின்னவளான அந்தப் பெண்ணை அக்கா என்றே கூப்பிட்டுச் சொன்னாள்.

"பாதி போதும்க்கா."

கையை எடுத்தாள். அங்கே மணி அடித்தது, படம் போய்விட்டது. பாதி என்றால் எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் லைன் பெண்களிடம் அது விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுகிற மாதிரி இருபக்கமும் குறையாமல்தான் இருந்தது. இந்தத் தடவை ரேணுகாவுக்கு வலது கை மட்டும் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வேலையாகத் தன் மூக்கைத் தானே சொறிந்துகொண்டாள், ஷமீமின் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி ஹேர்பின் மாட்டிவிட்டாள். இடது கை தொங்கியபடியே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் அது அசையவில்லை.

இடது கையும் வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு என் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோவில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள், பேக்கரி ஷிப்டுக்குப் போகிறவர்கள், நேரத்துக்குப் போகாவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும். பஞ்சர் கடையில் லாரி வந்து நின்றிருந்தது. ஏகாம்பரத்தின் பை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏறிவிட்டது. அவன் ஒரு கால் படியில் வைத்திருந்தான். ரேணுகா இறங்கி ஓடி அவன் சட்டையை வலது கையால் பிடித்து இழுத்தாள், பிடி இறுகியதில் அவன் திடுக்கிட்டு அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், படியிலிருந்து இறங்கினான்.

அவள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். ஆமாம். விரலை நீட்டி அவனைத் தொட்டாள். உன்னால்தான்.

ஏகாம்பரம் தலையை அசைத்தான், இது எனக்குத் தெரியும் என்பது போல. அவன் கண் நிறைந்துவிட்டது. லாரியின் பக்கம் திரும்பப் போனவனை அவள் தோளால் இடித்து நிறுத்தினாள், வலது முட்டியை மூடி அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒற்றை முட்டி. அவர்கள் பேச்சில் அதற்குக் கோபம் என்றுதான் அர்த்தம், பஷீருக்கு அவள் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டிருந்ததால் இருபதடி தள்ளி ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது தெரிந்திருந்தது. இடது கையைத் தூக்க அவள் தோளை உதறி உதறிப் பார்த்தாள், அது வரவில்லை. ஆனால் வலது முட்டியை இறக்கவும் இல்லை. அதை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள், லாரிக்காரர் எட்டிப் பார்த்தார், ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

கோபம் என்றால் ஒரு தடவை காட்டிவிட்டு முட்டியை இறக்கியிருப்பாள். ஏகாம்பரம் அந்த முட்டியையே பார்த்தான், தொங்குகிற இடது கையைப் பார்த்தான், திரும்பவும் முட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கினான், கிரீஸ் படிந்த கை, அதை முட்டியாக மூடி அவளுடைய முட்டியோடு ஒட்டவைத்தான், அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான், அவள் திறந்தபோது அவனும் திறந்தான்.

அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். மூடி, ஒட்டவைத்து, திறந்து. மூடி, ஒட்டவைத்து, திறந்து. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர்கள் நேரமாகிறது என்று முதலில் சொன்னார்கள், பிறகு அவர்களும் சொல்லவில்லை. நான் ஹாரன் அடிக்கவில்லை.